முத்திரை விழாத கார்டு

மாடி அறையைப் பார்க்க வந்த இளைஞன் சன்னலைத் திறந்து பார்க்கவில்லை, குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. சுவரலமாரியின் மேல்தட்டில் கிடந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதுல என்னங்கம்மா இருக்குது?”

“என்ற பையனோட கம்ப்யூட்டர் சாமானுங்க. ஹைதராபாத்துல வேலைல இருக்கறான். வந்து எடுத்துக்கறேன், நீ தொடாதேன்னு சொல்லிச் சொல்லியே நாள் போகுது. நீங்க குடிவர்றதுன்னா நான் கீழ எறக்கி வெச்சுடறேன்.”

வனிதாமணி சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மகள் நிவேதிதாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கிஷோர் அக்காவின் சாவுக்குப் பிறகு வீட்டுப்பக்கமே வருவதில்லை. மாடியில் ஒரு ஆள் நடமாட்டமாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டில் ‘வாடகைக்கு’ என்று பலகை மாட்டியிருந்தாள்.

தன் பெயர் ரோஷன் என்று சொல்லியிருந்த அந்த இளைஞன் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பிரித்தான். பழைய துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருந்த கறுப்பு அட்டையை வெளியே எடுத்தான். செங்கல் கனம் இருக்கும். இரண்டு குட்டி விசிறிகள் அதில் பதிந்திருந்தன. பின்பக்கத்து எழுத்துகளை விரலால் துடைத்துப் படித்தவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

“கிராபிக்ஸ் கார்டுங்கம்மா. முத்திரைச் சட்டத்துக்கு முந்தினது.”

வனிதாமணிக்குப் பதறியது. “அதையெல்லாம் கவர்மென்டே வாங்கிட்டுப் போய் நசுக்கிப்போட்டாங்களே?”

“எல்லாரும் குடுத்துட்டாங்க. உங்க பையன் மறந்துட்டாருபோல.”

“இது வூட்டுல இருந்தா தப்புதானுங்களே?”

“தப்புதான். இப்பக் கொண்டுபோய்க் குடுத்தா ஏன் அப்பவே குடுக்கலேன்னு கேஸ் போடுவாங்க. குப்பைல போட்டாலும் யாரு போட்டதுன்னு தேடி வருவாங்க.” அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. “பயப்படாதீங்க. இப்ப வர்ற கார்டு எதுல படம் பண்ணினாலும் அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒண்ணு விழுந்துடும். இது மெஷின் பண்ணின பொய்ப்படம்னு மெஷினே சொல்லிடும். இந்தப் பழசுல முத்திரை விழாது. அதுக்குத்தான் தடை. நான் படம் பண்றவன் இல்லைங்கம்மா, பழைய கேம் விளையாடற கிறுக்கன். சின்ன வயசுல விளையாடின கேம் எதுவும் புதுக் கார்டுல ஓடறதில்ல. எனக்குக் குடுத்துடுங்களேன்.”

மேசை மேல் கிஷோரின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ரோஷன் அதைத் திறந்து கார்டைச் செருகி உயிரூட்டினான். விசிறிகள் உறுமிக்கொண்டு சுழன்றன. திரையில் ஏதோ ஒரு கடற்கரை விரிந்தது.

“மெமரி சில்லு ஒண்ணு அடிபட்டிருக்குதுங்க,” என்றான். “வலது பக்கம் மேல் மூலையில பாருங்க. பச்சையா ஒரு பொட்டு துடிக்குது.”

அவளுக்குத் தெரியவில்லை. அவன் விரல் வைத்துக் காட்டினான். கடுகைவிடச் சிறிய பச்சைப் புள்ளி, உயிருள்ளதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

“யாரு கண்ணுக்கும் சாமானியத்துல படாது. ஒருக்காப் பாத்துட்டா மட்டும் கண்ணு அங்கயேதான் போகும். பரவாயில்ல, கேமுக்கு இது போதும்.”

அவன் கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் சாமி படத்தடியில் வைத்தாள். வீட்டிலிருந்து ஒரு வம்பு தொலைந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அறை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று போனவன் பிறகு வரவே இல்லை.

பேக்கரியின் பின்கட்டில் ரொட்டி அடைக்கும் வேலை செய்பவள் கோகிலா. அவள் கணவன் மயில்சாமி பல்லடம் ரோட்டை ஒட்டிய செங்காட்டுப்பாளையத்துக்காரன். ஊரின் கிணறுகளை வற்றடித்துக்கொண்டிருந்த கல்குவாரிக்கு எதிராக ஆட்களைத் திரட்டி, கோர்ட்டில் தடை வாங்கும் அளவுக்கு வந்திருந்தவன். ஒரு விடியற்காலையில் குவாரியின் ஷெட் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி கருகிச் செத்தான். அடுத்த வாரமே வீடியோ ஒன்று வெளியானது. மயில்சாமி கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றுகிறான், தீக்குச்சி உரசுகிறான், எரிவதைக் கொஞ்சநேரம் நின்று பார்க்கிறான். சோதனை இயந்திரம் அதில் முத்திரை இல்லை என்றது. அன்று மாலையே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோகிலா கண் வீங்கி வேலைக்கு வந்தாள்.

“அக்கா, அன்னைக்கு அவரு என்ற பக்கத்துலதானுங்க படுத்திருந்தாரு. நான் எந்திரிச்சு டீ வெக்கறப்பக்கூடக் குறட்டை கேட்டுதுங்கக்கா. போலீஸ்ல சொன்னா பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு சிரிக்கறாங்க.”

வனிதாமணி பில் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “வீடியோ இருக்குதல்ல கோகிலா. முத்திரை இல்லாத வீடியோ.”

“நீங்களுமாக்கா?”

வனிதாமணி அடுத்த பில்லைக் கிழித்தாள். வீடியோ பொய் என்று சொல்ல அவளால் முடியாது. நிவேதிதா சரவணம்பட்டி அடுக்குமாடியின் மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தபோது, துணி காயப்போடப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் மருமகன் நிதின் சொன்னான். போலீசும் அதை ஏற்றுக்கொண்டு கேஸை மூடப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் மொட்டைமாடிக் கேமராவின் பதிவு எங்கிருந்தோ போலீசின் கைக்கு வந்து சேர்ந்தது. நிதின் அவளைத் தள்ளுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. முத்திரை இல்லை. ஆயுள் தண்டனை. தீர்ப்பன்று நிதினின் அம்மா இந்திராணி கோர்ட் வராந்தாவில் வனிதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி, என்ற பையன் கை நீட்டியிருப்பான், இல்லேன்னு சொல்லலைங்க. ஆனா கொல்லலைங்க,” என்று கதறினாள். வனிதாமணி கையை உதறிக்கொண்டு நடந்தாள். அந்த வீடியோ மட்டும் இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று அவள் நினைப்பதுண்டு. மகள் எப்படிப் போனாள் என்பதாவது தெரிந்ததே.

அதனால் கோகிலாவின் அழுகை அவளுக்குள் இறங்கவில்லை.

மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் கல்லாவுக்கு எதிரே இருந்த டிவியில் அந்த வீடியோவை மறுபடி போட்டார்கள். மயில்சாமி கேனைச் சாய்க்கிறான். திரையின் வலது மேல் மூலையில் ஏதோ ஒட்டியிருந்தது. க்ரீம் தெறித்திருக்கும் என்று வனிதாமணி துணியை எடுத்துக்கொண்டு போய் நாற்காலி போட்டு ஏறித் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். செய்தி வாசிக்கும் பெண் வந்தாள், மூலை சுத்தமாக இருந்தது. வீடியோ திரும்ப வந்தது. அதுவும் வந்தது. கடுகைவிடச் சிறியது, பச்சை, நடுங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

பேக்கரிக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த சந்தில் நின்று மகனுக்குப் போன் செய்தாள்.

“கிஷோரு, உன்ற பெட்டில இருந்த கார்டை நான் வித்துட்டேன்.”

“யாருக்கு?”

“வீடு பாக்க வந்த ஒருத்தனுக்கு. கேம் விளையாடன்னான்டா. இப்ப அதுல கோகிலா வூட்டுக்காரரை வெச்சுப் பொய் வீடியோ பண்ணியிருக்காங்க. எனக்குத் தெரியும். அந்தக் கார்டுல மூலையில ஒரு பச்சைப் பொட்டு வரும்.”

“என்ன பொட்டு?”

“உனக்குத் தெரியாதா? வலது பக்கம் மேல, சின்னதா…”

“எந்த மூலைன்ன?” எங்கோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “அம்மா, நீ யார்கிட்டயும் பேசாத. ஒரு வார்த்தை பேசாத. நான் வர்றேன்.”

அவன் பயந்தது, கார்டை ஒளித்துவைத்த குற்றத்துக்காக என்று வனிதாமணி நினைத்துக்கொண்டாள். கொஞ்சநாள் ஜெயில், இல்லாவிட்டால் அபராதம். அதற்காக ஒரு மனுசனைத் தூக்குக்கு அனுப்ப முடியுமா? அன்று சாயங்காலமே கோகிலாவைக் கூட்டிக்கொண்டு மயில்சாமியின் வக்கீலைப் பார்க்கப் போனாள்.

கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது பர்வீனின் ஆபீஸ். வனிதாமணி சொன்னதைக் கேட்டதும் பர்வீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“இத்தன நாளா இதைத்தாங்கம்மா தேடிட்டு இருக்கேன். பழைய கார்டு ஒண்ணுகூட நாட்டுல மிச்சமில்லைங்கறதுதான் சட்டத்துக்கே அஸ்திவாரம். முத்திரை இருக்கா, இல்லையா? அதை மட்டும்தான் மெஷின் பாக்கும். இல்லேன்னு மெஷின் சொல்லிட்டா அப்பறம் மனுசன் ஒருத்தனும் அந்தப் படத்தைக் கண்ணால பாக்கறதே இல்ல. ஜட்ஜுகூட.” இரண்டடி நடந்தவள் நின்றாள். கோகிலாவைத் திரும்பிப் பார்த்து, “நீங்க கீழ போய் டீ சொல்லிட்டு வாங்கம்மா,” என்று அனுப்பினாள். அவள் படியிறங்கியபிறகு மெதுவாகக் கேட்டாள்:

“உங்க பொண்ணு கேஸும் வீடியோ கேஸ்தானே?”

“அது வேறைங்க. அது நெசம்.”

“நெசமாவே இருக்கட்டும். ஆனா முத்திரை இல்லேங்கறதாலதான் அது நெசம்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. முத்திரை இல்லாமலும் பொய் பண்ணலாம்னு நாளைக்கு நீங்க சொன்னா, முதல் ஆளா வந்து நிக்கப்போறது நிதின்தான். வெளிய வந்துடுவாரு. இதை உங்ககிட்டச் சொல்லாம உங்களைக் கூண்டுல ஏத்தினா எனக்குத் தூக்கம் வராது.”

வனிதாமணி முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மகளைக் கொன்றவன் சிரித்துக்கொண்டு ஊருக்குள் நடமாடுவதை நினைத்துப் பார்த்தாள். கீழே கோகிலா டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லும் சத்தம் கேட்டது.

“அந்த வீடியோ உங்ககிட்டக் கெடைக்குங்களா? நான் கோர்ட்ல பாத்ததோட சரி. அதுவும் பாதிலயே கண்ணை மூடிட்டேன்.”

“எதுக்குங்கம்மா இப்ப?”

“பாத்தாத்தான் எனக்குத் தைரியம் வரும். அவன் செஞ்சதுதான்னு இன்னொருக்காத் தெரிஞ்சுக்கறேன். அப்பறம் முடிவு சொல்றேன்.”

பர்வீன் பழைய தீர்ப்புகளின் சேமிப்பிலிருந்து அதை எடுத்துத் திரையில் ஓடவிட்டாள். மொட்டைமாடி. கொடியில் இரண்டு போர்வைகள். மஞ்சள் நைட்டியில் நிவேதிதா, பக்கெட்டைக் கீழே வைக்கிறாள். நிதின் பின்னால் வருகிறான். வாய்ச்சண்டை. அவள் திரும்புகிறாள். அவன் கை நீள்கிறது.

வனிதாமணி இந்தமுறை கண்ணை மூடவில்லை. ஆனால் மகளையும் அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை வலதுபக்கம் மேலே, அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி இருந்த மூலைக்குத் தானாகப் போயிருந்தது.

“இன்னொருக்காப் போடுங்க,” என்றாள்.

போட்டாள்.

பர்வீன் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் திரையை அணைத்தாள். கோகிலா டீ டம்ளர்களோடு மேலே வந்தபோது இரண்டு பேரும் அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் கிஷோர் வந்தான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“பாத்துட்டியா?”

“ம்.”

“அந்தப் பொட்டு எனக்குத் தெரியலைம்மா. நான் மூலையப் பாக்கவே இல்ல. அக்காவ மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்.”

“ஏன்டா?” என்றாள்.

“கேஸை மூடப் பாத்தாங்கம்மா! வழுக்கி விழுந்துட்டான்னு எழுதி மூடப் பாத்தாங்க. அவன் அடிச்சது உனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு வந்தப்ப அவ கையில எவ்வளவு காயம் இருந்துச்சு? நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?”

“அவன் அடிச்சான். அது எனக்குத் தெரியும். தள்ளினானா?”

“தள்ளினான்.”

“நீ பாத்தியா?”

“கேமரா அன்னைக்கு ஓடலைம்மா. ஓடியிருந்தா என்ன தெரிஞ்சிருக்குமோ அதைத்தான் நான் பண்ணினேன்.”

“அவ வழுக்கி விழுந்திருந்தா?”

“விழலை.”

“அவளாவே குதிச்சிருந்தா?”

கிஷோர் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டான். தரையைப் பார்த்தபடியே பேசினான்: “சரியா வரவே இல்லம்மா. ஒரு தடவ முடி பறக்கறது சரியா வராது, ஒரு தடவ கை. எத்தன தடவ அவள விழ வெச்சேன் தெரியுமா? திரும்ப மேல நிக்க வெச்சு, திரும்ப விழ வெச்சு… முடிஞ்சதும் கார்டை உடைக்கணும்னுதான் கழட்டினேன். சுத்தியலும் எடுத்தேன். அவ மூஞ்சி அதுக்குள்ளயே இருக்கற மாதிரி இருந்துச்சு. முடியலை.”

வனிதாமணி சுவரில் சாய்ந்து நின்றாள். மகள் கடைசியாக எப்படி இருந்தாள், எப்படித் திரும்பினாள், எப்படி விழுந்தாள் என்று இத்தனை நாளாக அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் மகன் உட்கார்ந்து செய்த படம். நிஜமாக நடந்தது என்ன என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நிதினைத் தவிர. அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளால் நம்ப முடியுமா?

“நீ கோர்ட்டுக்குப் போகாதம்மா,” என்றான் கிஷோர். “போனா என்னையப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. வெளிய வரவே மாட்டேன். ஒரு புள்ளைய எமன் கொண்டுபோயிட்டான். இன்னொண்ண நீயே தூக்கிக் குடுக்கப்போறியா?”

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். “சாப்பிடு கண்ணு,” என்றாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். சாயங்கால விமானத்துக்குப் போய்விட்டான். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தான். அவள் கையசைத்தாள்.

வனிதாமணி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கோகிலாவே தேடி வந்தாள். ஜெயிலில் மயில்சாமியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

“உள்ள வெச்சு அடிக்கறாங்களாட்ட இருக்குதுங்கக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. இடது காது கேக்கலை அவருக்கு. நான் இந்தப் பக்கமாப் பேசினா அந்தப் பக்கம் திரும்பறாரு.”

அவள் போனபிறகு வனிதாமணி பர்வீனுக்குப் போன் செய்து, சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னாள்.

“எதைச் சொல்லப்போறீங்க? மயில்சாமி விஷயத்தை மட்டுமா?”

“அத்தனையும் சொல்றனுங்க. அரைகுறையாச் சொன்னா யாரு நம்புவாங்க? இந்திராணியம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அன்னைக்கு வரச் சொல்லி. எனக்கு அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசற தைரியமில்ல.”

புதுச் சாட்சி யார், என்ன சொல்லப்போகிறார் என்பதை எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பர்வீன் தெரிவித்தாள்.

விசாரணையன்று வனிதாமணி கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கார்டு மகனுடையது. தான் விற்றது. பச்சைப் புள்ளி. குவாரி வீடியோவில் இருப்பது, மகளின் வீடியோவில் இருப்பது. மகன் ஒத்துக்கொண்டது. மகன் பெயரை மட்டும் இரண்டாம் முறை கேட்டபிறகே சொன்னாள். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இந்திராணி, தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, முன்வரிசையின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். கடுமையாக ஒன்றும் கேட்கவில்லை.

“உங்க வீட்டுல இருந்தது ஒரே ஒரு பழைய கார்டுதானுங்களேம்மா?”

“ஆமாங்க.”

“அதுல ரெண்டு விசிறி இருக்கும். கறுப்புக் கலர்.”

“ஆமாங்க.”

“அதை நீங்க விக்கவே இல்லை. சட்டம் வந்த வருஷமே சேகரிப்பு மையத்துல குடுத்துட்டீங்க. அங்கிருந்த கேமராப் பதிவு இதுங்க.”

திரையில் வனிதாமணி வரிசையில் நின்றாள். சந்தன நிறச் சேலை, தோளில் பழைய ரெக்சின் பை. அந்தச் சேலை அவளிடம் இருந்தது. பையும் இருந்தது. திரையில் அவள் துண்டைப் பிரித்துக் கறுப்புக் கார்டை மேசைமேல் வைத்தாள். ஊழியர் ஒருவர் அதை வாங்கி நசுக்கும் இயந்திரத்தில் போட்டார். அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான் துடைப்பாள். கீழே ஓரத்தில் எழுதியிருந்த தேதி நிவேதிதாவின் சாவுக்கு முந்தைய வருடத்துத் தேதி.

சோதனை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். முத்திரை இல்லை.

வனிதாமணி வலது மேல் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அவள் எதைச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் புள்ளியைச் சரிசெய்துகொள்ள அவகாசம் இருந்தது.

“இது யாருங்கம்மா?” என்றார் வக்கீல்.

“என்னைய மாதிரி இருக்குதுங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்கள்.

“நான் அந்த எடத்துக்குப் போனதே இல்லைங்க சாமி. இந்தப் படத்தையும் அதே கார்டுலதான் பண்ணியிருக்காங்க. நான் வித்த கார்டுல!”

“எந்தக் கார்டுங்கம்மா? அதைத்தான் நசுக்கிட்டாங்களே, இப்பப் பாத்தோமே.”

பர்வீன் எழுந்து என்னென்னவோ வாதாடினாள். மையத்தின் ஆவணங்களைக் கேட்டாள், ஆட்களைக் கூப்பிடச் சொன்னாள். மையம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்கள். நீதிபதி வனிதாமணியைப் பரிவோடுதான் பார்த்தார். மகளைப் பறிகொடுத்த துயரத்தில் அந்த அம்மாளின் மனம் நிலைகுலைந்திருக்கிறது, பொய்ச்சாட்சி சொன்னதாக அவர்மீது நடவடிக்கை வேண்டாம், நல்ல மருத்துவரிடம் காட்டட்டும் என்றார். பின்வரிசையில் இந்திராணி மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வனிதாமணியை ஒருமுறை பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை.

கிஷோர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. நிதின் இருந்த இடத்திலேயே இருந்தான். அந்த மாதக் கடைசியில் மயில்சாமிக்கும் ஆயுள் என்று தீர்ப்பானது. அன்றும் வனிதாமணி கோர்ட்டுக்குப் போயிருந்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கோகிலா தனியாக உட்கார்ந்திருந்தாள். வனிதாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோகிலா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்கக்கா.”

“எதுக்கு கோகிலா? ஒண்ணும் நடக்கலையே.”

“நடக்காட்டி என்னங்க. எங்களுக்காகக் கூண்டுல ஏறி, பெத்த பையன் மேலயே பழியப் போட்டு அவ்வளவு பெரிய பொய் சொன்னீங்க. கூடப்பொறந்தவகூடச் செய்ய மாட்டாங்கக்கா.”

வனிதாமணிக்கு முதலில் புரியவில்லை.

“கோகிலா… நான் சொன்னது பொய்யில்ல. அத்தனையும் நெசம்.”

“செரிங்கக்கா.”

“நான் அந்த மையத்துக்குப் போனதே இல்ல. அந்தப் படத்துல இருக்கறது நானில்ல.”

“செரிங்க, செரிங்கக்கா. விடுங்க.” காய்ச்சல்காரர் பிதற்றும்போது சமாதானப்படுத்துவதைப்போல அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நானும் பாத்தனுங்களே. நீங்க கழுத்தைத் தொடைக்கறதுகூட அப்படியே உங்களாட்டமேதான் இருந்துச்சு.”

பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கதவு கொஞ்சநேரம் திறந்திருந்து தானாக மூடிக்கொண்டது. அது போனபிறகு கோகிலா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“வூட்டுல தனியா இருக்கறப்ப யோசிச்சுப் பாக்கறனுங்கக்கா. மொதநாள் பூரா ரொட்டி அடைச்சுட்டு வந்து படுத்தேன், ஒடம்பெல்லாம் அசதி. கொறட்டை கேட்டுதுன்னு சொன்னனே, அது அன்னைக்குத்தானா, வேற நாளான்னு இப்பச் சொல்லத் தெரியலைங்க. நான் தூங்கினப்பறம் அவரு எந்திரிச்சுப் போயிருப்பாரோ என்னமோ.”